பரிசிலும் பதிகமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டு நிறைவெய்தும் நாளில் பதிற்றுப்பத்தை நினைப்பது பொருத்தமே. ஆயினும் நான் பேச எடுத்துக்கொண்டது அதன் பாடல்களையன்று. அவற்றின் இறுதியில் நிற்கும் பதிகங்களை.

1904 ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்தார். கிடைத்துள்ள எட்டுப் பத்துகளுக்கும் தனித்தனியே பதிகம் உண்டு. பாடப்பெற்ற மன்னன் யார், பாடிய புலவர் யார், பாடல்களின் பெயர்கள் யாவை, பெற்ற பரிசில் எவ்வளவு, மன்னன் ஆண்ட காலம் எத்துணை என்பன அதில் உள. ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு அணிகலனுக்கென ஒன்பது கா நிறையுள்ள பொன்னும், அதனொடு 1,00,000 காணமும் அளித்தான் என்று பதிகம் கூறுகிறது. முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. பதிகங்களும் உடன் மறைந்தன. அவற்றைப் பாடியவர் யார், பெற்றது யாது என்று இன்று உறுதியாகக் கூற இயலவில்லை.

இனி, நம் காலத்துக் கல்விக்கூடத்திற்கு வருவோம். பேராசிரியர்களுக்கு ஆய்வு நல்கையும் உதவித்தொகையும் வழங்கும் பொறுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவும், 1969 இல் தோன்றிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் ஏற்று வந்துள்ளன. 1994 இல் நிறுவப்பெற்ற 'நாக்' என்னும் தேசியத் தரமதிப்பீட்டு அவை, கல்லூரியை மதிப்பிடும்போது ஆசிரியர்கள் பெற்ற ஆய்வு நிதியைக் கேட்கிறது. 2016 இல் முதன்முறை வெளியான தேசியத் தரவரிசையிலும் ஆய்வு நிதிக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே பதிவேடு இல்லை என்று எவரும் கூற முடியாது. ஆனால் அப்பதிவேட்டில் தொகை இருக்கும் அளவுக்குப் பாட்டு இருக்கிறதா என்பதே என் வினா.

சில ஆண்டுகளுக்கு முன், மதிப்பீட்டுக் குழு வரவிருந்த வேளையில், நான் பணியாற்றும் கல்லூரியில் இப்பட்டியலைத் தொகுக்கும் பணி எனக்கு வாய்த்தது. ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் நடவுப் பாடல்களைத் திரட்ட நல்கை பெற்றிருந்தார். கோப்பில் ஒப்பளிப்பு ஆணை இருந்தது; பேருந்துப் பயணச்சீட்டுகள் இருந்தன; பட்டயக் கணக்கர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழும் இருந்தது. இறுதி அறிக்கை மட்டும் இல்லை. அவர் இல்லம் தேடிச் சென்றேன்.

"கணக்கைக் கேட்டார்களம்மா, கொடுத்தேன். பாட்டை யாரும் கேட்கவில்லையே" என்றார்.

பரணிலிருந்து இறக்கிய கையெழுத்துப்படி பாதி செல்லரித்திருந்தது. பாடிக் கொடுத்த பாட்டிமார் எவரும் இன்று உயிரோடில்லை என்றார். நான் திரும்பி வந்து, பட்டியலில் தொகையை நிரப்பினேன். தலைப்புக்கு அங்கே ஒரு கட்டம் இருந்தது, பாடல்களுக்கு இடமில்லை. பல்லாண்டுகள் அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தும், "என்ன பாட்டுக் கிடைத்தது?" என்று ஒருநாளும் கேளாத நானும் அக்குற்றத்திற்குப் பங்காளியே.

தொகையால் மட்டும் அளந்தால், வேதியியற் கூடத்துக் கருவியொன்றன் விலைக்கு எங்கள் துறையின் நல்கைகள் அனைத்தும் சேர்ந்தும் ஈடாகா. அதனாலேயே எம் போன்றோரின் உழைப்பு பட்டியலின் அடியில் ஒதுங்கிவிடுகிறது. மாற்று வழி அரிதன்று. ஒவ்வொரு நல்கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்: பெற்றவர் பெயர், ஆய்வின் தலைப்பு, நல்கியோர், தொகை, காலம், விளைந்த நூல் அல்லது கட்டுரை, அதன் படி இருக்குமிடம். ஆண்டுக்கு ஒருநாள் அவ்வாய்வாளரை அவையேற்றி, கண்டதைச் சொல்லச் செய்வோம். பாராட்டுரையும் பொன்னாடையும் பின்னர் வரட்டும். முதலில் செவி கொடுப்போம். நம் வட்டமே இதைத் தொடங்கலாம். ஓய்வுபெற்ற அந்த அம்மையாரை முதல் அழைப்பாளராக முன்மொழிகிறேன். எஞ்சிய பாதியையேனும் நாம் கேட்க வேண்டும்.

பதிகங்கள் பாடல்களுக்குக் காலத்தால் பிற்பட்டவை என்பர் அறிஞர். அவற்றை யாத்தவர் பெயரை நாம் அறியோம். தம் பெயரை எழுதாது பிறர் பெயரை எழுதிவைத்த அக்கைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, நம் காலத்துப் பதிகத்தை நாமே எழுதுவதுதான்.