தோற்றாலும் திரும்ப ஆடலாம்

பாதி மதிப்பெண் வாங்கினாலே கல்லூரியில் பாஸ். தெரியாமல் விட்ட மீதிப் பாதி என்ன ஆகிறது? அதன் மேல்தான் அடுத்த செமஸ்டர் ஏறி உட்காருகிறது. நிரலாக்கத்தில் பாயிண்டர் புரியாத மாணவர் லிங்க்டு லிஸ்ட் வகுப்பில் விழிப்பது இதனால்தான்.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். எல்லோருக்கும் ஒரே கால அளவு என்று கட்டாமல், தேவைப்படுபவருக்குக் கூடுதல் நேரமும் உதவியும் கொடுங்கள். பெரும்பாலோர் முழுமையாகவே கற்றுவிடுவார்கள் என்றார். அதே ஆண்டில் பிரெட் கெல்லர் என்ற உளவியலாளர், கல்லூரி வகுப்புக்கான முறையை விவரித்தார். பாடம் சிறு சிறு அலகுகளாக இருக்கும். ஒன்றில் தேறினால்தான் அடுத்தது. தேறாவிட்டால் மறுபடி எழுதலாம், மதிப்பெண் குறையாது.

மொபைலில் கேம் ஆடும் பிள்ளைகளுக்கு இது பழகிய சங்கதி. முதல் லெவலை முடிக்காமல் இரண்டாவது திறக்காது. தோற்றால் திட்டுவாரில்லை.

கல்லூரிப் பாடத்திலும் இதைப் பார்க்கலாம். ஹைதராபாத் கச்சிபவுலியில் இருக்கும் ட்ரிபிள் ஐடி என்ற கல்வி நிறுவனம், மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் என்ற இணையவழி ஆய்வகத் திட்டத்தில் பங்கேற்கும் நிறுவனங்களில் ஒன்று. அது உருவாக்கிய பரிசோதனைகளில் ‘பபிள் சார்ட்’டும் உண்டு. எண்களை வரிசைப்படுத்தும் முறை அது. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டை ஒப்பிட்டு, இடம் மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று மாணவரே முடிவு செய்ய வேண்டும். தவறினால் திரும்பத் தொடங்கலாம். இடையிடையே சிறு வினாடி வினா. பார்ப்பதற்கு விளையாட்டு, நடப்பது பாடம்.

நம் ஊருக்கும் இது அந்நியமில்லை. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. குழந்தை ஏணிப்படிபோல் அட்டை அட்டையாக, தன் வேகத்தில் ஏறியது. ஆறு வயதில் கொடுத்த அந்த உரிமையைப் பதினெட்டு வயதில் ஏன் பறிக்க வேண்டும்?

ஆனால் ஒன்று. பாடத்தை விளையாட்டாக்குகிறோம் என்று பேட்ஜும் பாயிண்ட்டும் தரவரிசைப் பலகையும் மட்டும் வைத்தால் போதாது. பலகையில் எப்போதும் அதே பத்துப் பேர் மேலே நின்றால், கீழே உள்ளவர் ஆட்டத்தையே விட்டுவிடுவார். அவரவர் வேகம் என்று அடியோடு விட்டாலும் சிக்கல்தான். கெல்லர் முறையில் பலர் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டார்கள். கெடு வைத்துத் துரத்த ஆசிரியர் வேண்டும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, பாடத்திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் இன்டர்னல் தேர்வில், ஒரே ஓர் அலகுக்கு மட்டும், தேறும்வரை எழுத அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வினாவை மாற்றுங்கள், எங்கே தவறினார் என்று சொல்லி அனுப்புங்கள். வேலை கூடும், மறுக்கவில்லை. அடுத்த அலகை நடத்தும்போது அந்த உழைப்பு வட்டியோடு திரும்பி வரும்.