வாத்தியக்காரரும் வண்ணப் பெட்டியும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் வந்தார். உருமி மேளக் குழு வைத்திருப்பவர். அவர் மகனும் குழுவில் தாளம் போடுகிறான். "சார், எந்த ஊருக்குப் போனாலும் கலர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றான். மேளமா, படமா, ஏதாவது ஒண்ணுன்னு நீங்களே சொல்லுங்க. படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். நானும் அவர் பக்கமே பேசிவிட்டேன். அது தவறு என்று பிறகுதான் உறைத்தது. அதற்கான பதிலை இன்று சொல்கிறேன்.

ஜெர்மானிய இசை மேதை ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் 1809-இல் பிறந்தவர். பியானோ வாசிக்கவும், இசைக்குழுவை நடத்தவும் ஊர் ஊராகப் போனவர். இங்கிலாந்துக்கு மட்டுமே 10 முறை போனார். குதிரை வண்டி, கப்பல், சத்திரம் என்று அலைச்சல். போன இடமெல்லாம் வரைந்துகொண்டே இருந்தார். 1829-இல், 20 வயதில், ஸ்காட்லாந்து போனபோது கையில் பென்சிலும் நோட்டும். ஆகஸ்ட் 7-ஆம் நாள் கடலோரம் ஒரு பழைய கோட்டையை வரைந்தார். பிற்காலத்தில் உலகமே கேட்ட 'ஹெப்ரிடீஸ்' இசையின் தொடக்கத்தையும் அதே நாளில்தான் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்.

பின்னாளில் நீர்வண்ணத்திலும் நன்றாகக் கைதேர்ந்தார். பயணிக்கு ஏற்றது அது. எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்காகும். இது சில நிமிடங்களில் காயும். சின்னப் பெட்டி, தூரிகை, தாள், ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவே சுமை. ஆனால் கறாரான வேலை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவைக்க வேண்டும். தப்பிப் பட்டால் முழுதாக அழிக்க முடியாது. ஆகவே தொடுமுன் நெடுநேரம் பார்க்க வேண்டும். மாணவர்களே, நீங்கள் வாளியில் நீலத்தைக் கொட்டி வானம் என்கிறீர்களே, அது வேறு!

'அவர் வங்கிக்காரர் பிள்ளை, வீட்டிலேயே ஓவிய ஆசிரியர் வைத்தார்கள், நமக்கு முடியுமா?' என்பீர்கள். நியாயம்தான். வசதி நமக்கில்லை. ஆனால் அடுத்து நடந்தது ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொது.

1847 மே மாதம். லண்டன் கச்சேரிகளை முடித்துக் களைத்துத் திரும்பியவருக்கு, அக்காள் ஃபேனி இறந்த செய்தி வந்தது. அவரும் இசை எழுதியவர். சிறு வயது முதல் ஒன்றாகவே வளர்ந்தவர்கள். மனிதர் இடிந்து விழுந்தார். குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போனார். முதலில் இசை எழுத மனம் வரவில்லை. அப்போது கைகொடுத்தது அந்த வண்ணப் பெட்டிதான். மலைகளையும் ஏரிகளையும் லூசெர்ன் நகரையும் பொறுமையாக, நுணுக்கமாக வரைந்தார். பிறகுதான் இசையும் திரும்பி வந்தது. அக்காளின் துக்கமெல்லாம் கொட்டிய ஒரு நால்வர் இசை எழுதினார். அதே நவம்பர் 4-இல் அவரும் 38 வயதில் மறைந்தார்.

படம் அவருக்குச் சோறு போடவில்லை, ஐயா. சோறு போட்ட தொழிலே செய்ய முடியாமல் போன நாட்களில் கூட இருந்தது.

அந்தத் தந்தை இங்கே அமர்ந்திருக்கிறார். ஐயா, தைப்பூசத்துக்கு உங்கள் குழு பினாங்கு போகும்போது, வேனில் பையனுக்கு ஜன்னலோர இடம் கொடுங்கள். பெட்டிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நிறுத்திக் கொடுங்கள்.