யாப் தீவும் மூணு கேபிளும்

பசிபிக் கடல்ல, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே யாப்னு ஒரு தீவு இருக்கு. மொத்தமே சுமார் 100 சதுர கிலோமீட்டர்தான். பெரிய பெரிய கல் வட்டங்களைப் பணமா வச்சிருந்த ஊர்னு சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. இந்தக் குட்டித் தீவுக்காக முதல் உலகப்போர் முடிஞ்சதும் அமெரிக்காவும் ஜப்பானும் மல்லுக்கு நின்னாங்க.

காரணம் கடலுக்கு அடியில கிடந்தது. யாப் அப்போ ஜெர்மன் காலனி. 1905 வாக்கில் ஒரு ஜெர்மன்-டச்சு கம்பெனி அங்கிருந்து மூணு தந்தி கேபிள் போட்டிருந்தது. ஒண்ணு குவாமுக்கு, ஒண்ணு ஷாங்காய்க்கு, இன்னொண்ணு டச்சுக்காரங்க ஆண்ட மெனாடோவுக்கு. குவாம் அமெரிக்கா கையில். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் 1903-லேயே கேபிள் இருந்தது. நம்ம பாஷையில சொன்னா, யாப் ஒரு ரவுட்டர்.

1914-ல ஜப்பான் தீவைப் பிடிச்சது. 1919 மே 7, பாரிஸ் மாநாடு. பூமத்தியரேகைக்கு வடக்கே இருந்த ஜெர்மன் தீவுகளை நிர்வகிக்கும் பொறுப்பை ஜப்பானுக்குக் கொடுத்தாங்க. 'யாப்பை இதுல சேர்க்கக் கூடாதுன்னு வில்சன் அப்பவே சொல்லிட்டார்'னு அமெரிக்கா வாதாடுச்சு. 'மே 7 முடிவில் அப்படி எந்த விதிவிலக்கும் எழுதலையே'ன்னு ஜப்பான் கேட்டது. வாயால சொன்னது டாக்குமென்ட்ல இல்லைன்னா என்ன ஆகும்னு ஐடி ஆளுங்களுக்குத் தெரியாதா என்ன?

அமெரிக்காவோட பயம் நியாயமானதுதான். கேபிள் கரையேறுற இடம் யார் கையில இருக்கோ, அவங்க தந்தியைப் படிக்கலாம், தாமதப்படுத்தலாம், நிறுத்தவும் செய்யலாம். போர் தொடங்கின உடனேயே பிரிட்டன் ஜெர்மனியோட கேபிள்களை அறுத்ததை உலகமே பார்த்திருந்தது.

கடைசியில 1922 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டன்ல ஒப்பந்தம் ஆச்சு. தீவு நிர்வாகம் ஜப்பானுக்கு. யாப்-குவாம் கேபிளிலும், இனி போடப்போற கேபிள்களிலும் அமெரிக்காவுக்குச் சம உரிமை. அதுல எனக்கு முக்கியமாப் பட்டது ஒரு வரிதான்: செய்திகளைத் தணிக்கை செய்யவோ கண்காணிக்கவோ கூடாது. நிலம் ஒருத்தருக்கு, அதுல ஓடுற தகவலுக்குத் தனி விதின்னு பிரிச்சு எழுதினாங்க.

ஆனா யாப் மக்களை யாரும் மேஜைக்குக் கூப்பிடலை. அவங்க கரையைப் பத்தின பேச்சு, அவங்க இல்லாமலே முடிஞ்சது.

இன்னைக்கும் நம்ம இன்டர்நெட் சென்னையிலயும் மும்பையிலயும் கடல் கேபிள் வழியாத்தான் கரையேறுது. கரை யாருக்கு, தகவல் யாருக்குங்கிற கேள்வி அப்படியேதான் இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!