தெருவில் உழைப்போர்க்கு இளைப்பாறும் இடம்
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)

 

கல்விக் கழகத்தின் விழாவில் தெருவோரத்து நிழலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நம் பிள்ளைகளில் பலர் பட்டமும் பட்டயமும் பெற்ற பின்னரும், முதுகில் பெட்டியைச் சுமந்து, பிறர் வீட்டு உணவையும் பண்டத்தையும் இருசக்கர வண்டியில் கொண்டு சேர்க்கின்றனர். வேலை வரும்வரை தெருவில் காத்திருப்பதும் அவர்தம் வேலையில் ஒரு பகுதியே. ஆயினும் அந்த நேரத்தில் உட்கார ஓர் இடமில்லை. உணவக வாசலில் நின்றால் வாடிக்கையாளர்க்கு இடைஞ்சல் என்பர். கடைப்படியில் அமர்ந்தால் எழுந்து போகச் சொல்வர்.

நம் முன்னோர் சாலையோரத்தில் நாட்டிய சுமைதாங்கியை நினைத்துப் பாருங்கள். இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைத்துணையின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நாட்டப்பட்டவை பல. உழைப்பவரின் உடலை அளந்து கட்டிய அமைப்பு என்று அதைச் சொல்வேன். சத்திரங்களின் கதை வேறு. அவற்றில் பலவற்றின் வாசலில் முதலில் கேட்கப்பட்டது சாதி. நம் பாட்டன்மார் மரத்தடியோடு நிறுத்தப்பட்டனர்.

பொது வழிகளும் கிணறுகளும் பொதுமக்கள் கூடும் இடங்களும் நம்மவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறச் செய்தார். புதுக்கோட்டை அந்நாளில் தனிச் சமஸ்தானம். 1948-இல்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ஆதலின் அத்தீர்மானம் இம்மண்ணைக் கட்டுப்படுத்தவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே நமக்கு அவ்வுரிமையை வழங்கிற்று. அதன் பின்னரும், 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து இறையூரில் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளை முறை வெளிப்பட்டு வழக்குப் பதிவாயிற்று. எனவே, பொது இருக்கை ஒன்று வேண்டும் என்று நாம் கேட்பதைச் சலுகை கேட்பதாக எவரும் எண்ணற்க.

சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இத்தொழிலாளர்க்கெனக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. அண்ணா நகர் அறையில் ஏறத்தாழ 25 பேர் அமரலாம். கழிப்பறையும், செல்பேசிக்கு மின்னேற்றும் வசதியும் உண்டு. நம்மவர் பலர் பிழைக்கச் சென்றுள்ள துபாயிலும் இத்தகைய ஓய்விடங்கள் 40 அமைக்கப்பட்டன. நன்முயற்சிகளே. 2023-இல் தமிழக அரசு இவர்களுக்கென நலவாரியமும் அமைத்தது.

ஆனால், 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த நம் புதுக்கோட்டைக்கு அதே வடிவம் பொருந்துமா? பொருந்தாது என்பது என் கருத்து. குளிரூட்டிய அறைக்கு மூடிய கதவு வேண்டும். மூடிய கதவுக்குக் காவலாள் வேண்டும். காவலாள் ‘நீ யார்?’ என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லியே நாம் களைத்தவர்கள். நிறுவனத்தின் அடையாள அட்டையைக் காட்டினால்தான் நுழையலாம் என்பதும் கூடாது. துப்புரவுப் பணியாளரும் பூ விற்கும் அம்மையாரும் சுமை தூக்குவோரும் அங்கே அமரட்டும்.

பத்தடி அகலமும் இருபதடி நீளமும் போதும். பெரிதாக ஒன்று கட்டுவதைவிடச் சிறிதாக ஐந்து கட்டுவது மேல். ஏனெனில் வேலைக்கான அழைப்பு பெரும்பாலும் உணவகத்துக்கு அருகில் இருப்பவர்க்கே முதலில் வருகிறது. அரை மைல் தள்ளிக் கட்டினால் ஒருவரும் வரமாட்டார். புதிய பேருந்து நிலையத்தின் அருகிலும், கீழராஜ வீதியை ஒட்டியும் இடம் தேடலாம். மேற்குச் சுவர் மாலை வெயிலைத் தடுக்கும்படி முழுமையாக எழும்பட்டும். தெற்கும் கிழக்கும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால், அப்பக்கத்துத் தாழ்வாரம் மூன்றடியேனும் வெளியே நீளவேண்டும். இருக்கை ஒன்றரை அடி உயரம். முதுகு சாய்க்கச் சாய்மானம் கட்டாயம், நாளெல்லாம் வண்டியில் குனிந்த முதுகல்லவா! தலைக்கவசமும் மழையங்கியும் தொங்கவிட ஆணிகள், குடிநீர், மின்னேற்றும் முனைகள் வேண்டும். அமர்ந்த இடத்திலிருந்தே வண்டி கண்ணில் படவேண்டும். இல்லையேல் உடல் அமர்ந்தாலும் மனம் அமராது. இரவு பதினொரு மணிவரை விளக்கு எரியவேண்டும்.

பெண்களுக்கு உள்தாழ்ப்பாளோடு தனிக் கழிப்பறை இன்றியமையாதது. இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அதைத் தூய்மை செய்யும் வேலை வழக்கம்போல் நம் தெருவின் தலையில் விழக்கூடாது. உரிய ஊதியமும் கையுறையும் கருவியும் கொண்ட பணியிடமாக மாநகராட்சி அதை முதலிலேயே ஏற்படுத்தட்டும். அதன்பின் அடிக்கல் நாட்டட்டும்.

இளைஞர்களே! சித்திரையிலும் வைகாசியிலும் ஒரு வாரம், நண்பகல் முதல் நான்கு மணிவரை, நகரின் எந்த முனையில் எத்தனை பேர் நிற்கின்றனர், எந்த நிழலில் ஒதுங்குகின்றனர் என்று எண்ணிக் குறியுங்கள். பாலிடெக்னிக்கில் பயின்றோர் வரைபடம் தீட்டுங்கள். இரண்டையும் மாநகராட்சி ஆணையரிடமும் வட்ட உறுப்பினர்களிடமும் நேரில் கொடுப்போம். அளவுநாடாவுக்கும் வரைதாளுக்கும் ஆகும் செலவை நான் ஏற்கிறேன்.