ஓர் உயிரும் போகாத கப்பல்

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"கப்பல்ல முப்பது வருஷம் இன்ஜினியரா இருந்தியே, ஏதாவது சொல்லுப்பா" என்றார் நம் செயலாளர். என் கதை கிடக்கட்டும். 'ஜீனி ஜான்ஸ்டன்' என்ற பாய்மரக் கப்பலின் கதையைச் சொல்கிறேன். அதன் மாதிரிக் கப்பலை டப்ளினில் பார்த்த நாள் முதல் அது என் மனதை விட்டு அகலவில்லை.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டைவிட்டே வெளியேறினர். கப்பலிலும் நெரிசல், டைஃபஸ் காய்ச்சல். 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே பெயர் வந்துவிட்டது. கனடாவின் குரோஸ் தீவில் 1847 என்ற ஓராண்டில் மட்டும் 5,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டனர்.

அதே காலம், அதே கடல். டிராலி நகர வணிகர் நிக்கலஸ் டோனவன் இந்தக் கப்பலை வாங்கினார். போகும்போது ஆள், வரும்போது மரம். அவருக்கும் லாபக் கணக்குதான். ஆனால் கப்பலில் ரிச்சர்ட் பிளென்னர்ஹாசெட் என்ற டாக்டரை வைத்தார். அனுபவசாலியான ஜேம்ஸ் அட்ரிட்ஜ் கேப்டன். சுத்தத்தில் இருவரும் கண்டிப்பானவர்கள். 1848 முதல் 1855 வரை 16 பயணங்கள், 2,500-க்கும் மேற்பட்ட பயணிகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை! முதல் பயணத்தில் கப்பலில் பிறந்த குழந்தைக்கு முதலாளி பெயரையும் கப்பல் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

பிறகு கப்பல் கைமாறியது. 1858-இல் கியூபெக்கிலிருந்து மரம் ஏற்றி வந்தபோது நடுக்கடலில் தண்ணீர் புகுந்தது. மாலுமிகள் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கினார்கள். ஒன்பதாம் நாள் ஒரு டச்சுக் கப்பல் அத்தனை பேரையும் காப்பாற்றியது. கப்பல் போயிற்று, ஆள் போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? ஒருமுறை எங்கள் கப்பலில் உயிர்காப்புப் படகின் இன்ஜினுக்கு உதிரிபாகம் வந்து சேரவில்லை. "அடுத்த துறைமுகத்துல பாத்துக்கலாம், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டேன். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டப்ளினில் அந்தக் கீழ்த்தளத்தில் குனிந்து நடந்தபோது அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. டோனவனுக்கு அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். ஆனால் டாக்டரை ஏற்றியது அதிர்ஷ்டம் இல்லை. அது ஒருவர் எடுத்த முடிவு.

நாம் எல்லோரும் ஏதோ ஒரு மேஜையில் கையெழுத்துப் போட்டவர்கள், இன்னும் போடுகிறவர்கள். அடுத்த முறை பேனாவைத் திறக்கும்போது கீழ்த்தளத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.