காற்றின் கணக்கைக் கற்கும் கணினி



விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் வானத்தைப் பார்ப்பது தோட்டத்து மக்களின் வழக்கம். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் குறையும். நாளைய மழையை இன்றே அறிவதன் அருமை நமக்கு நன்றாகத் தெரியும். அதே கவலை மின்சாரத் துறையினருக்கும் உண்டு. இன்று அதைப் பற்றிச் சொல்கிறேன்.

மின்சாரத்தை நெல்லைப்போல் மூட்டை கட்டி வைப்பது எளிதன்று. மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்களோ, அவ்வளவும் அந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். நிலக்கரி நிலையத்தில் உற்பத்தியைக் கூட்டலாம், குறைக்கலாம். காற்றும் வெயிலும் நம் சொல்லைக் கேட்பதில்லை.

தமிழ்நாட்டின் தென்கோடியில் முப்பந்தல் என்றோர் ஊர் உண்டு. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வேகமாகப் பாய்கிறது. அதனால் அந்த வட்டாரம் முழுவதும் காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் இன்று பலமாக வீசும் காற்று நாளை தணியலாம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே வேகத்தை 10 விழுக்காடு தவறாகக் கணித்தாலே, ஆற்றல் கணக்கு 30 விழுக்காடு அளவுக்குத் தவறிவிடும். காற்று திடீரென ஓய்ந்தால் ஈடுகட்ட வேறு நிலையங்களை ஆயத்தமாக எரியவிட வேண்டும். மிகுந்தாலோ, சுழலும் காற்றாலைகளையே நிறுத்த நேரும். இரண்டும் நட்டமே.

இங்கேதான் ‘இயந்திரக் கற்றல்’ உதவுகிறது. ஆராய்ச்சியாளர் பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுக்கிறார்: அன்று காற்று எவ்வளவு, எந்தத் திசை, கிடைத்த மின்சாரம் எவ்வளவு? கணினி ஒரு விடையை ஊகிக்கிறது. உண்மை விடையோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிசகியதோ அதற்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. மாணவன் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திருந்துவதுபோல, இதைப் பல்லாயிரம் முறை செய்கிறது.

சென்னையில் 1998இல் தொடங்கப்பட்ட காற்றாற்றல் மையம் இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனமாக விளங்குகிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் உற்பத்தியை முன்கூட்டியே கணிக்கும் பணியை அது மேற்கொண்டது. அமெரிக்காவில் 700 மெகாவாட் காற்றாலைகளின் உற்பத்தியை 36 மணி நேரம் முன்னதாகக் கணித்ததாக, 2019இல் கூகுளும் டீப்மைண்ட் நிறுவனமும் அறிவித்தன. இன்ன நேரத்தில் இவ்வளவு தருவோம் என்று முன்னரே சொல்ல முடிந்ததால், அந்த மின்சாரத்தின் மதிப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்ததாம்.

நம் ஜொகூரில் காற்றைவிட வெயிலே பெருஞ்செல்வம். பிற்பகலில் கருமேகம் மூடினால் சூரியத் தகடுகளின் உற்பத்தி நிமிடங்களில் சரியும். அதைக் கணிப்பதற்கும் இதே முறைதான். ஆனால் முப்பந்தல் காற்றைப் படித்த கணினிக்குச் செனாய் மேகம் புரியாது. இவ்வூர்ப் பதிவுகளை இங்குள்ளவர்களே எடுக்க வேண்டும். அவை பொய்யானால் கணிப்பும் பொய்யாகும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று நாள்தோறும் எழுதட்டும். பார்க்காததை எழுதாதிருக்கப் பழகட்டும். கணக்குப் பாடத்தை வெறுக்க விடாதீர்கள். பொறியியல் கற்பிக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அருகே ஸ்கூடாயில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தூரமன்று.