விசையின் கனமும் விரலின் பலமும்



நம் ஆலயங்கள் பலவற்றில் இன்று டிஜிட்டல் பியானோவோ கீபோர்டோ இருக்கிறது. யாரோ ஒருவர் பெற்றோர் நினைவாக வாங்கிக் கொடுத்திருப்பார். வந்திறங்கிய நாளில் அதிலுள்ள எல்லா ஒலிகளையும் தட்டிப் பார்ப்பது இயல்புதான். ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு எந்த ஒலி, எவ்வளவு ஒலி என்று கேட்க மறந்துவிடுகிறோம். பின்வரிசையில் இருக்கும் பாட்டிமார் பாடுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

1700-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் தந்தி ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஒலிக்கும். இவர் சிறு சுத்தியல்கள் தந்தியைத் தட்டும்படி செய்தார். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கித் தொட்டால் பெரிய ஒலி. டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது. விசை எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதை உணரிகள் அளந்து, அதற்கேற்ற ஒலியை எழுப்புகின்றன.

இங்கேதான் 'டச்' என்ற அமைப்பு வருகிறது. பொதுவாக லைட், மீடியம், ஹெவி என மூன்று நிலைகள். பலர் நினைப்பதுபோல, இதை மாற்றினால் விசையின் கனம் மாறுவதில்லை. விரலுக்கும் ஒலிக்கும் இடையே உள்ள கணக்குதான் மாறுகிறது. லைட்டில் வைத்தால் மெல்லத் தொட்டாலே முழு ஒலி கிடைக்கும். ஹெவியில் வைத்தால் ஓங்கி அடிக்கும் இளைஞரின் கையும் கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். மூட்டுவலியால் விரல் மடங்காத வயதான அருட்சகோதரி ஒருவர், இனித் தம்மால் வாசிக்க முடியாது என்று ஒதுங்கி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவைப்படுவது ஒரு பொத்தான் மாற்றமாக இருக்கலாம். நெரிந்த நாணலையும் பேணும் ஊழியரைப் பற்றி எசாயா 42-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே! 'உங்களுக்குப் பலம் போதாது' என்று ஒருவரை எழுப்பிவிடுவதற்கு முன், பாடகர் குழுவினரே, அந்தப் பொத்தானைத் தேடிப் பாருங்கள்.

இனி ஒலியைத் தேர்வது. ஆர்கன் ஒலி, விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும்; சபையார் இழுத்துப் பாடும் பாடலைத் தாங்கும். ஆனால் ஆர்கனில் பொதுவாக டச் வேலை செய்யாது, மெல்லத் தொட்டாலும் ஒரே அளவுதான். பதிலுரைப்பாடலுக்குப் பியானோ ஒலி நல்லது. எழுந்து உடனே தேய்வதால் சொற்களுக்கு இடம் விடுகிறது. வயலின் கூட்டம்போல ஒலிக்கும் 'ஸ்டிரிங்ஸ்' பலருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அது மெதுவாக எழுவதால் சபையார் அரைத் தாளம் பின்தங்கிவிடுவார்கள். ஏற்கெனவே எதிரொலிக்கும் உயர்ந்த கோவிலில் 'ரிவெர்ப்' சேர்த்தால் இறைவார்த்தை காதில் குழம்பிப்போகும்.

இசைக்கருவி குரல்களைத் தாங்க வேண்டும், சொற்கள் கேட்காதபடி அவற்றை மூழ்கடிக்கக் கூடாது என்று திருவழிபாட்டு இசை பற்றிய 1967-ஆம் ஆண்டு உரோமை ஏடு சொல்கிறது. குரு உரக்கச் செபிக்கும்போது கருவி மௌனமாயிருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. தவக்காலத்தில் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, பாடலுக்குத் துணையாக மட்டுமே கருவி ஒலிக்கலாம். காணிக்கைப் பவனி நீள்கிறதே என்று நடுவில் தனியாக வாசிப்பதற்கு அப்போது இடமில்லை.

வாசிப்பவருக்குத் தம் கருவியின் அளவு பெரும்பாலும் தெரியாது. ஒலிபெருக்கி சபையை நோக்கி இருக்கிறது. ஆகவே ஒத்திகையின்போது ஒருவர் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, பதிலுரைப்பாடலின் சொற்கள் புரிகின்றனவா என்று கேட்டுச் சொல்லட்டும். பல கருவிகளில் மின்சாரத்தை நிறுத்தினால் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காலைத் திருப்பலிக்கு வாசிப்பவர் அந்த அருட்சகோதரி, மாலைக்கு வாசிப்பவர் கல்லூரி மாணவர் என்றால், இருவருக்குமான டச் நிலையை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கருவியின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள்.